கூத்துக் களரியும் மகாநாட்டுப் பந்தலும்

கூத்தைக் கூத்தென்று அறிந்து பார்ப்பதில் ஓர் இழுக்கும் இல்லை. எங்கள் வற்றாப்பளையிலே பிறந்தவர்களுக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. நந்திக்கடலோரத்தில் எழுந்தருளியிருக்கும் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலைச் சார்ந்து வளர்ந்த ஊர் இது. அயலிலுள்ள முள்ளியவளையிலும் முல்லைத்தீவின் பிற ஊர்களிலும் கோவலன் கூத்துத் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்திருக்கிறது. ‘முல்லை மோடி’ என அதற்கென்றே ஓர் ஆட்டமரபும் உண்டு. கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் புறப்படும்போது, அவன் திரும்பி வரப்போவதில்லை என்பது களரியைச் சுற்றி இருக்கும் சிறு குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் அழுகிறோம். முடிவு முன்னரே தெரிந்திருப்பது கூத்துக்குக் குறையன்று. அதன் இலக்கணமே அதுதான்.

மகாநாடு என்னும் பெயரிலே கூட்டப்படும் ஒன்றின் முடிவும் அவ்வாறே முன்னரே எழுதி முடிக்கப்பட்டிருக்குமானால், அங்கே பல்லாயிரக்கணக்கில் சென்று கூடுவோர் எதற்காகக் கூடுகிறார்கள்? அவர்களைத் தொலைக்காட்சியிலே பார்த்துக்கொண்டிருக்கும் நாம் எதனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? கொஞ்சக் காலமாக என் மனத்தை அரித்துவரும் கேள்விகள் இவை.

1990ஆம் ஆண்டுகளிலே வன்னியில் எங்களுக்கு மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைக் கையாற் சுழற்றி, வானொலியிற் செய்தி கேட்டவர்கள் நாங்கள். சுழற்றுகிறவனின் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓய்ந்துவிடும். இன்று கூரைக்குக் கூரை டிஷ் நிற்கிறது. இளைஞர் ஒவ்வொருவரின் கையிலும் போன் இருக்கிறது. தமிழ்நாட்டிலே ஒரு கட்சி மேடைபோட்டால் அந்த மேடையின் விளக்கு எங்கள் தேநீர்க் கடையிலும் எரிகிறது. அங்கே வாக்களிக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. ஆயினும், எங்கள் தேர்தல்களைக் காட்டிலும் அவர்களுடைய மகாநாடுகளை எங்கள் பிள்ளைகள் ஊன்றிக் கவனிக்கிறார்கள்.

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் திகதி, விழுப்புரம் மாவட்டத்து விக்கிரவாண்டிக்கு அண்மையில், நடிகர் விஜய் தாம் அவ்வாண்டு தொடங்கிய தமிழக வெற்றிக் கழகத்தின் முதலாவது மாநில மகாநாட்டை நடத்தினார். அதனை நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்திலே நானும் ஒருவன். வானத்திலே ட்ரோன் பறந்து சனசமுத்திரத்தைக் காட்டிற்று. மேடையிலிருந்து மக்கள் நடுவே நீண்டு சென்ற நடைமேடையிலே தலைவர் நடந்து வந்தார். இரு மருங்கிலிருந்தும் தொண்டர் வீசிய துண்டுகளை எடுத்துத் தம் தோளில் அணிந்துகொண்டார். கட்சியின் கொள்கை வாசிக்கப்பட்டது. பெரியார், காமராசர், அம்பேத்கர், வேலு நாச்சியார், அஞ்சலை அம்மாள் ஆகியோர் வழிகாட்டிகளென அறிவிக்கப்பட்டனர். கூட்டணி சேர்வோருக்கு ஆட்சியிலே பங்கு தரப்படும் என்றும் சொல்லப்பட்டது. இது சின்ன விஷயமன்று. தமிழ்நாட்டு அரசியலில் பெரிய கட்சிகள் வழக்கமாகச் சொல்லாத வார்த்தை அது.

எல்லாம் முடிந்தபின், பக்கத்திலே இருந்த பிள்ளையை, ஒரு காலத்தில் என்னிடம் படித்தவன், விசாரித்தேன்.

“தம்பி, உவை என்ன தீர்மானம் எடுத்தவை?”

“தீர்மானமோ? அது தெரியேல்லை, சேர். ஆள் நடந்து வந்த நடையைப் பாத்தனீங்களோ? அந்தத் துண்டு எடுத்துப் போட்ட இடத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டட்டோ?”

அவன் மந்த புத்தியுள்ளவனல்லன். கணக்கிலே கெட்டிக்காரன். காண்பிக்கப்பட்டதை அவன் சரியாகவே கண்டுகொண்டான். அங்கே ஆட்சிப் பங்கைப்பற்றி எவரும் எழுந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்பதற்கு இடமும் வைக்கப்படவில்லை. கமரா நடையைக் காட்டிற்று, அவன் நடையைப் பார்த்தான்.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்துக்கு இடம் கொடுக்கலாகாது. அலங்காரமும் ஆரவாரமும் இன்று புதிதாக வந்தவையல்ல. 1938ஆம் ஆண்டு குஜராத்தின் ஹரிபுராவிலே காங்கிரஸ் மகாசபை கூடியபோது, அது 51ஆவது கூட்டம் என்பதற்காகத் தலைவர் சுபாஷ் சந்திர போஸின் ரதத்தை 51 எருதுகள் இழுத்தன. மறுவருடம் திரிபுரியிலே ஊர்வல ரதத்துக்கு 52 யானைகள். இதைவிடப் பெரிய வேடிக்கை வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தத் திரிபுரி மகாநாட்டின் தலைவர் பதவிக்காக 1939 ஜனவரியிலே பிரதிநிதிகள் வாக்களித்தபோது, மகாத்மா காந்தி விரும்பிய பட்டாபி சீதாராமையா தோற்றார். போஸ் இருநூறுக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். காந்தியின் விருப்பத்துக்கு மாறாக வாக்களிக்கும் துணிவும் வசதியும் நாடெங்கும் இருந்த சாதாரணப் பிரதிநிதிகளுக்கு இருந்தன என்பதே நாம் கவனிக்கவேண்டியது. பின்னர் போஸ் பதவி விலக நேர்ந்தது வேறு கதை. யானை ஊர்வலம் போகலாம். வாக்குப் பெட்டியின்மேல் யானை ஏறி நிற்கவில்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. திராவிட முன்னேற்றக் கழகம் தேர்தலிலே போட்டியிடலாமா, கூடாதா என்னும் கேள்வி எழுந்தபோது, 1956ஆம் ஆண்டு மே மாதம் திருச்சியிலே நடைபெற்ற மாநில மகாநாட்டில் அண்ணாதுரை அதனைத் தாமே தீர்த்துவைக்கவில்லை. கறுப்பு, சிவப்பு என இரு பெட்டிகளை வைத்து வந்திருந்தோரையே வாக்களிக்கச் சொன்னார்கள். 56,000க்கு மேற்பட்டோர் போட்டியிட வேண்டும் என்றனர். 4,000 சொச்சம் பேர் கூடாது என்றனர். எனக்கு அந்த ஐம்பத்தாறாயிரத்திலும் பார்க்க இந்த நாலாயிரத்தின்மீதுதான் மதிப்பு அதிகம். தலைவர்களின் மனம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தும், ‘கூடாது’ என்று எழுதிப் போட்டவர்கள் அவர்கள். அக்கழகத்தார் நாடகம் அறியாதவர்களா? தலைவர்களிற் பலர் நாடகாசிரியர்கள். மகாநாட்டுப் பந்தல்களிலே இரவில் நாடகம் போடுவது அவர்களுடைய வழக்கம். பகலிலே மகாநாடு, இரவிலே நாடகம். இரண்டுக்கும் இடையே ஒரு திரை இருந்தது.

எங்கள் நாட்டுக்கு வருவோம்.

அதே 1956இலே, ‘சிங்களம் மட்டும்’ சட்டம் நிறைவேறிய பின், இலங்கைத் தமிழரசுக் கட்சி ஓகஸ்ட் மாதத்திலே திருகோணமலையில் மகாநாடு கூட்டிற்று. தொண்டர்கள் கால்நடையாகத் திருமலைக்கு யாத்திரை போனார்கள். அப்போது எனக்கு ஆறு வயது. என் பெரியப்பா வழியிலே அந்த யாத்திரையிற் சேர்ந்து நடந்தவர். காலிலே கொப்பளத்தோடு வந்து திண்ணையிலே குந்திக்கொண்டு, பெரியம்மா மஞ்சளும் எண்ணெயும் பூசிவிட, அவர் ஊராருக்குச் சொன்னது இன்னும் என் நினைவில் இருக்கிறது. செல்வநாயகத்தின் தோற்றத்தைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மெல்லிய குரல் பின்வரிசைக்குக் கேட்கவும் இல்லையாம்! ஆனால் நான்கு கோரிக்கைகளையும் விரல்விட்டுச் சொன்னார்: சமஷ்டி ஆட்சி வேண்டும், தமிழுக்குச் சிங்களத்தோடு சம அந்தஸ்து வேண்டும், தோட்டத் தமிழருக்குப் பிரசாவுரிமை வேண்டும், தமிழ்ப் பிரதேசங்களிலே அரசாங்கம் நடத்தும் குடியேற்றம் நிற்கவேண்டும். ஒரு வருடத் தவணை, தவறினால் சத்தியாக்கிரகம். தவணை முடியுமுன், 1957 ஜூலை 26ஆம் திகதி, பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்பின் மட்டக்களப்பிலே விசேஷ மகாநாட்டைக் கூட்டி, சத்தியாக்கிரகத்தைக் கைவிடுவதற்கு அங்கீகாரம் பெற்றுக்கொண்டார்கள். தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் மகாநாட்டின் சம்மதம் வேண்டியிருந்தது. ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டதை எல்லோரும் அறிவர். ஆனால் பெரியப்பா தாம் எதற்காக நடந்தார் என்பதைச் சாகும்வரை அறிந்திருந்தார்.

1976 மே 14ஆம் திகதி பண்ணாகத்திலே கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணியின் மகாநாடும் அதன் வட்டுக்கோட்டைத் தீர்மானமும் பற்றி இங்கே நீட்டி எழுதப் புகவில்லை. அதன் சரி பிழையை நிறுப்பதற்கு ஒரு கட்டுரை போதாது. ஒன்றை மட்டும் சொல்வேன். கூட்டணியின் மூன்று தலைவர்களுள் ஒருவராக இருந்த தொண்டமான், தனிநாட்டுக் கோரிக்கை மலையகத் தொழிலாளருக்குப் பொருந்தாது என்று விலகி நின்றார். அந்த மாறுபாடு சரித்திரத்திலே பதிந்திருக்கிறது. மகாநாட்டுத் தீர்மானம் என்பது காகிதத்தோடு போகிற விஷயமன்று என்பதை, 2009 மே மாதத்திலே இந்த நந்திக்கடலின் கரையில் நின்றவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நிற்க. மகாநாட்டைத் தொலைக்காட்சி எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிய, அந்தக் கலையிலே முதிர்ந்த நாடாகிய அமெரிக்காவைத்தான் பார்க்கவேண்டும். அங்கே ஒவ்வொரு பெரிய கட்சியும் நாலு வருடத்துக்கொருமுறை மகாநாடு கூட்டி, ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்யும். 1924ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே கூடிய டெமக்ரட்டிக் கட்சியினர் இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிணங்கிக்கொண்டு, 103 முறை வாக்கெடுத்த பின்னரே ஒருவரைத் தெரிந்தனர். அது வானொலியிலே ஒலிபரப்பான மகாநாடு. ஒவ்வொரு சுற்றிலும் அலபாமா மாநிலத்தார் எழுந்து, அண்டர்வூட் என்பவருக்குத் தங்கள் 24 வாக்குகளும் என்று அதே ராகத்திலே சொல்வார்கள். நாடெங்கும் வீடுகளிலே வானொலி கேட்டவர்கள் அதைக் கூடவே சொல்லிச் சிரிக்கப் பழகிவிட்டார்களாம், நமது கூத்திலே பிற்பாட்டுக்காரர் திரும்பத் திரும்பப் பாடும் அடியைப்போல. பார்க்கப்போனால் அதுவும் வேடிக்கைதான். ஆனால் யார் வெல்வார் என்பது பாடியவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

தொலைக்காட்சியும் முதலிலே நன்மையே செய்தது. 1952ஆம் ஆண்டு சிக்காகோவிலே ஐசனோவரும் டாஃப்டும் மோதியபோது, எந்தப் பிரதிநிதிகளுக்கு ஆசனம் உண்டு என்ற சச்சரவை ஜனங்கள் தங்கள் வீட்டிலிருந்தே கண்டார்கள். மூடிய அறையிலே நடக்கக்கூடியது வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் அதற்குப் பின் நடந்த விசித்திரத்தைக் கவனியுங்கள். அவ்வாண்டு டெமக்ரட்டிக் கட்சி மூன்று சுற்று வாக்கெடுத்து வேட்பாளரைத் தெரிந்தது. அன்று தொட்டு இன்றுவரை இரண்டு பெரிய கட்சிகளிலும் எந்த மகாநாட்டிலும் இரண்டாம் சுற்று நடந்ததில்லை. கமரா வந்து பார்க்கத் தொடங்கிய காலமும், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமற் போன காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

இதற்குத் தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று சொன்னால் அது நியாயமன்று. 1968இலே சிக்காகோ மண்டபத்துக்கு வெளியே பொலிசார் தடியடி நடத்த, உள்ளே வேட்பாளர் தெரிவான அலங்கோலத்தின் பின், தெரிவு பெரும்பாலும் மாநிலங்களின் முன்தேர்தல்களுக்குப் போய்விட்டது. அது சாதாரண வாக்காளனுக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் வேலை போய்விட்ட மகாநாடு கலைந்து வீட்டுக்குப் போகவில்லை, நடிக்கப் போய்விட்டது.

1972ஆம் ஆண்டு மியாமி கடற்கரை நகரிலே, ஒரே மண்டபத்தில், சில வார இடைவெளியில் இரண்டு கட்சிகளும் கூடின. இரண்டையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பார்த்தால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை என்பது என் எண்ணம். டெமக்ரட்டுகள் மெய்யாகவே வாதாடினார்கள். இரவிரவாகப் பிரேரணையும் திருத்தமும் வாக்கெடுப்புமாகப் போயிற்று. உப ஜனாதிபதி வேட்பாளருக்கான வாக்கெடுப்பிலே சிலர் குறும்புக்குத் தொலைக்காட்சி நாடகப் பாத்திரத்தின் பெயரையும் மாஓ சேதுங்கின் பெயரையும் சொன்னார்கள். ஜனாதிபதி வேட்பாளர் மக்கவர்ன் தமது உரையை ஆற்ற எழுந்தபோது விடியப்புறம் 3 மணி ஆகப்போகிறது, நாடு உறங்கிவிட்டது. அடுத்து வந்த ரிபப்ளிக்கன் கட்சியினரிடம் இந்தச் சங்கடம் ஒன்றும் இல்லை. அவர்களிடம் நிமிடவாரியாக எழுதிய ஏடு இருந்தது. இன்ன நேரத்திலே இன்னார் பேசுவார். இன்ன இடத்திலே சபையார் ‘தாமாகவே’ எழுந்து இத்தனை நிமிடம் கோஷமிடுவர் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த ஏடு செய்தியாளர் கையில் அகப்பட்டு ஊர் சிரித்தது. சிரித்து என்ன பயன்? தேர்தலிலே நிக்சன் ஐம்பது மாநிலங்களில் 49ஐ வென்றார். தோல்விக்குப் பல காரணங்கள் இருந்தன. ஆயினும், கட்சிகள் யாவும் படித்துக்கொண்ட பாடம் ஒன்று: வாதம் செய்தால் நேரம் பிந்தும், எழுதிவைத்தால் நேரத்துக்கு முடியும். 1996இலே தொலைக்காட்சிக்காரராகிய டெட் கொப்பலே, இங்கு செய்தி ஒன்றும் இல்லையென்று சொல்லி, சான் டியேகோ மகாநாட்டின் நடுவிலே புறப்பட்டுப் போய்விட்டார். 2024இலே மில்வாக்கியில் மல்யுத்த வீரர் ஒருவர் மேடையிலே சட்டையைக் கிழித்துக் காட்டினார். சிக்காகோவிலே மாநிலங்களின் வாக்கைச் சொல்லும் சடங்கே பாட்டும் மேளமுமாக நடந்தது. இரசிக்கத்தக்கதாகத்தான் இருந்தது. நானும் இரசித்தேன்.

அப்படியானால் கேடு எங்கே இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். தூரத்து ஊர் வேடிக்கை, பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாமே. அவ்வாறு படுத்துக்கொள்ள எங்களுக்கு முடியவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

2025 ஓகஸ்ட் 21ஆம் திகதி மதுரைக்கு அண்மையில் பாரப்பத்தியிலே விஜயின் இரண்டாவது மாநில மகாநாடு நடந்தது. மீண்டும் நடைமேடை, மீண்டும் நடை. அந்த உரையிலே அவர் இந்தியப் பிரதமரை நோக்கி, தமிழ்நாட்டு மீனவரின் துயர் தீரக் கச்சதீவை மீட்டுத் தரவேண்டும் என்று கேட்டார். கடல்போல ஆரவாரம் எழுந்தது. நாங்கள் இருந்த கடையிலே சத்தமே இல்லை. மூலையில் இருந்த முல்லைத்தீவுச் சம்மாட்டியார் ஒருவர் மட்டும் தேநீரை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

அவரை மட்டும் குறைகூறுவது நீதியன்று. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்திலே தமிழ்நாட்டுச் சட்டசபையே இதே கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அங்குள்ள கட்சிகள் எல்லாவற்றுக்கும் இது கைதட்டு வாங்கும் வசனம். ஆனால் விஷயம் என்ன? 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலங்கையின் பக்கம் வந்த கச்சதீவு சுமார் 285 ஏக்கர் உள்ள, குடிநீரற்ற ஒரு சிறு தீவு. அந்தோனியார் திருவிழாவுக்கு இரு கரைச் சனமும் கூடும் இடம். மீனவரின் வழக்கு அந்தத் தீவைப் பற்றியதன்று. இழுவைப் படகுகள் தீவைக் கடந்து, வடக்கின் கரையோரம்வரை வந்து, கடலின் அடியையே வாரிக்கொண்டு போகின்றன என்பதே வழக்கு. 2017இலே இலங்கை அடிமடி இழுவைத் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. வலையறுந்து நிற்பவன் யாழ்ப்பாணத்துத் தமிழன், மன்னார்த் தமிழன், முல்லைத்தீவுத் தமிழன். எங்கள் கடற்படையிடம் அகப்பட்டுச் சிறையிருப்பவன் இராமேசுவரத்துத் தமிழன். இருவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. தீவைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இந்தச் சிக்கலின் ஒரு முடிச்சும் அவிழாது.

இதனை நாகபட்டினத்திலிருந்தோ இராமேசுவரத்திலிருந்தோ போன ஒரு பிரதிநிதி அறியாமல் இருப்பாரா? நாட்டுப்படகு வைத்திருக்கும் தமிழ்நாட்டு மீனவரே இழுவைப் படகால் நட்டப்படுகிறார்கள். மகாநாடு மகாநாடாக இருந்தால், பிரேரணை வாசிக்கப்பட்டதும் அவர் எழுந்து நிற்பார். “அக்கிராசனர் அவர்களே, ஒரு திருத்தம்” என்பார். அந்தக் கரையிலும் இருப்பவர்கள் தமிழர்களே என்பதையும், படகின் வகையை மாற்ற அரசு உதவவேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்வார். திருத்தம் தோற்றாலும், சொல்லப்பட்டது குறிப்பிலே ஏறும். செய்தித்தாளிலே மூலையில் ஒரு வரி வரும். எங்கள் சம்மாட்டியார் அதனைப் படிப்பார். காட்சியாக நடத்தப்படும் கூட்டத்திலே அவர் எங்கிருந்து எழுவார்? அவருக்கு ஒலிவாங்கி இல்லை. எழுந்து நின்றால் பின்னால் இருப்பவனுக்குத் தலைவரின் நடையை மறைப்பார், அவ்வளவுதான்.

அந்த ஒரு வசனம் எங்கே போய் முடிந்தது? கொழும்பிலே கச்சதீவைக் கொடுக்கமாட்டோம் என்றார்கள். செப்டெம்பர் 1ஆம் திகதி, யாழ்ப்பாணம் வந்திருந்த ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கச்சதீவுக்கே போய் இறங்கினார். அந்தக் காட்சியும் தொலைக்காட்சியிலே வந்தது. அங்கே ஒரு காட்சி, இங்கே ஒரு காட்சி. நடுக்கடலிலே வலை போட்டவனைப்பற்றி இரண்டிலும் ஒன்றும் இல்லை.

எங்கள் அம்மனைப்பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதுரையை எரித்தபின் தெற்கே வந்து, பத்தாவது இடமாக இங்கே தங்கினாள், அதனாலேயே பத்தாப்பளை என்பது வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள் எங்கள் முதியோர். நந்திக்கடலோரத்திலே கிழவி வடிவாக வந்தவளுக்கு இடைச்சிறுவர் பொங்கிக் கொடுத்து, எண்ணெய் இல்லாமற் கடல்நீரிலே விளக்கேற்றிய கதையை ஊரிலே கேளாதவர் இல்லை. இன்றும் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்தே அந்த விளக்கு எரிகிறது. அவளை நாங்கள் தெய்வமாக வைத்திருப்பதற்குக் காரணம் என்ன? மதுரையிலே அரசன் கொலுவிருந்த சபைக்குள், அழைப்பில்லாமல், தலைவிரி கோலமாகப் போய் நின்று, நீ தீர்த்த வழக்குப் பிழை என்று சொன்னவள் அவள். வாயிற்காவலன் தடுக்கவில்லை, போய் அறிவித்தான். அரசனும் உள்ளே விடச் சொன்னான், சொன்னதைக் கேட்டான். இன்றைய மதுரையிலே வாயிற்காவலருக்கு வேறு கட்டளை. நடைமேடையின்மேல் ஏறிய இளைஞன் ஒருவனைக் காவலர் தூக்கி வீசியதாக அந்த மகாநாட்டின்பின் பொலிசில் முறைப்பாடே பதிவாயிற்று. அவன் திருத்தம் சொல்ல ஏறியவனல்லன், பாவம். தலைவரைத் தொட ஏறியவன்.

தொடவேண்டும், பக்கத்திலே பார்க்கவேண்டும் என்னும் இந்தத் தாகம் காட்சியால் வளர்க்கப்படுவது. 2025 செப்டெம்பர் 27ஆம் திகதி கரூரிலே, மகாநாடன்று, அவருடைய பிரசாரக் கூட்டத்திலே, நெரிசலில் 41 உயிர்கள் போயின. குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். குற்றம் யாருடையது என்பதை, உச்சநீதிமன்றம் மத்திய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்த விசாரணைதான் சொல்லவேண்டும். நான் நினைப்பது வேறொன்று. மணிக்கணக்காக வெயிலிலே நின்ற அந்தச் சனத்துக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. திருச்சியிலே பெட்டியருகே வரிசையாய் நின்றவனுக்கு ஒரு வேலை இருந்தது.

இனி, எங்கள் வீட்டுக் குப்பையைப்பற்றியும் பேசவேண்டும். 2024 ஜனவரி 21ஆம் திகதி, தமிழரசுக் கட்சியின் தலைவரைத் தெரிவதற்காகத் திருகோணமலையிலே பொதுச்சபை கூடி இரகசிய வாக்கெடுப்பு நடத்தியது. சிறீதரனுக்கு 184 வாக்கு, சுமந்திரனுக்கு 137. 1949ஆம் ஆண்டு தொடங்கிய கட்சியிலே தலைமைக்கு இப்படி ஒரு போட்டி நடந்ததே புதுமை. அடுத்த வாரம், ஜனவரி 28இல், நடப்பதாக இருந்த மகாநாடு நடைபெறவில்லை. மற்றப் பதவிகளிலே பிணக்கு, பின்பு நீதிமன்றம். ஊரிலே சிரிக்காதவர் இல்லை. “தமிழ்நாட்டிலே எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறார்கள், எங்களுடையவையைப் பாருங்கோ” என்று அதே தேநீர்க் கடையிலே பேசிக்கொண்டார்கள்.

சிரிக்கவேண்டியதில் சிரிக்கட்டும், நீதிமன்றத்துக்குப் போனதற்கு நானும் சிரித்தேன். ஆனால் அந்த 184க்கும் 137க்கும் நான் சிரிக்கமாட்டேன். காலையிலே மண்டபத்துள் போனவர்களுக்கு மாலையிலே என்ன முடிவு வரும் என்று தெரியாமல் இருந்த கூட்டம் அது. எங்கள் பிரதேசத்திலே அப்படி ஒரு கூட்டம் நடந்து எத்தனை காலம்! இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு, ட்ரோன் மேலே பறக்க, நீண்ட மேடையிலே நடந்து வந்திருந்தால் கடையிலே கைதட்டியிருப்பார்கள். யார் தலைவர் என்பதை நாலு பேர் ஓர் அறையில் தீர்த்திருப்பார்கள்.

கமராவை அடித்து விரட்டவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பொங்கலையே இப்போது நேரலையாகக் கனடாவிலும் இலண்டனிலும் இருந்து பார்க்கிறார்கள். வரமுடியாத பிள்ளைகள் அங்கேயிருந்து கைகூப்புகிறார்கள். நடக்காமற் போன அந்த மகாநாடு எப்போதாவது கூடுமானால், அதற்கும் கமரா வரட்டும். ஏற்பாட்டாளரிடம் நான் கேட்பது சிறிய காரியங்கள். மேடையிலே மூன்று ஒலிவாங்கி வைத்தால், பிரதிநிதிகள் இருக்கும் வரிசைகளுக்கு நடுவே ஒன்று வையுங்கள். முல்லைத்தீவிலிருந்து போகும் பிரதிநிதி மீன்பிடியைப்பற்றி ஒரு திருத்தம் கொண்டுவந்தால், அவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். அந்த ஐந்து நிமிடமும் கமராவை அவர்மேலேயே வைத்திருங்கள். அவர் தடுமாறுவார், காகிதத்தைத் தேடுவார், பார்க்கிறவனுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். வாக்கெடுக்கும்போது, வென்ற தொகையை மட்டுமன்றித் தோற்ற தொகையையும் எழுத்திலே காட்டுங்கள். சம்மாட்டியாரை அன்றைக்குத் தேநீர்க் கடைக்கு அழைத்துவருவது என் பொறுப்பு.